அக்கா இருபத்திரண்டு எபிசோடு பின்னால் இருந்தாள்

1

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஷீபா என்னைப் பிடித்துக்கொண்டாள். வடமதுரைப் பெண். நர்ஸ் வேலைக்காக இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வீட்டுக்கு டிவி இணைப்பு எடுக்கப் போகிறாளாம். சாதாரணப் பெட்டி போதுமா, ரெக்கார்டிங் வசதி உள்ளதை வாங்கலாமா என்று கேட்டாள். கோயில் வாசலில் தூறலில் நின்றபடியே கால் மணி நேரம் விளக்கினேன். நம் ஊர் நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் நாம் வேலையில் இருப்போம், பெட்டி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளம்பரத்தைத் தாண்டி ஓட்டினால் அரை மணி நேரத் தொடர் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். நடுவில் போன் வந்தால் நிறுத்தி வைக்கலாம். காதில் விழாத வசனத்தைப் பின்னால் போய்க் கேட்கலாம். ஒரு தடவை சொல்லி வைத்தால் தினமும் தானாகவே பதிவாகிவிடும்.

"அக்கா, கம்பெனி ஆளே இம்புட்டு சொல்ல மாட்டாரு" என்று ஷீபா சிரித்தாள்.

நான் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனசு கனத்துவிட்டது. இந்த மாதக் கடைசியோடு என் அக்கா செலின் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பெட்டியைப் பற்றி நான் பேசினால் அது அக்காவைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும். வாசலில் நின்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் இங்கிலாந்துக்கு வந்து பத்தொன்பது வருஷம். நடுப்பகுதியில் ஒரு சின்ன ஊர். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வயசானவர்களைக் குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, படுக்கையில் திருப்பிப் போடுவது. மதியம் இரண்டு மணிக்குப் போனால் வீடு திரும்ப ஒன்பதரை ஆகும். வீட்டுக்காரர் ஆரோக்கியம் பெரிய கிட்டங்கி ஒன்றில் சாமான் அடுக்குகிறார். ஒரே மகள் அனிதா, பதினேழு வயது. தமிழ் புரியும். பேசச் சொன்னால் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். திண்டுக்கல் நாகல் நகரில் வீடு. சிஸ்டர்மார் நடத்தும் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். அவள் கணவர் சவரிமுத்து மாமா பேகம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அக்காவுக்கு அந்தப் பெட்டியை வாங்கி மாட்டினேன். சாயங்காலம் ஏழிலிருந்து ஒன்பது வரை அவள் வீட்டு முன்னறையில் டியூஷன் நடக்கும். எட்டரை மணித் தொடரை அவளால் பார்க்கவே முடியாது. பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டபடியே உள்ளறை டிவியில் காதை வைத்திருப்பதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. முதலில் வேண்டாம் என்றாள். இருக்கிற ரிமோட்டுகளே போதும், மாமா இரண்டையும் குழப்பிக்கொள்வார் என்றாள். பழகிய பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை.

"கதாநாயகி வாயைத் தொறந்தமானிக்கு நிக்கட்டும். நான் கொழம்ப எறக்கி வச்சிட்டு வாரேன்" என்று தொடரை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போவாள். முப்பது வருஷம் வகுப்பில் மணி அடித்தால் எழுந்தவளுக்கு, தன் சொல்லுக்கு டிவி காத்திருப்பது பெரிய அதிசயமாக இருந்தது.

நான் இங்கே திரும்பியதும் எங்கள் வீட்டுக்கும் அதே மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கினேன், எங்கள் ஏற்பாடு ஆரம்பித்தது. முதல் நாள் இரவு பதிவானதை மறுநாள் இருவரும் ஒன்றாகப் பார்ப்போம். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபியோடு உட்காரும் ஐந்து மணி, எனக்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின பன்னிரண்டரை. போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்குவோம். குளிர்காலத்தில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும்போதெல்லாம், நேரத்தைக்கூட இஷ்டத்துக்கு மாற்றி வைக்கும் ஊரில் எப்படிக் குடித்தனம் பண்ணுகிறாய் என்று கேட்பாள். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். ஒருத்தி பார்க்காமல் மற்றவள் பார்க்கக்கூடாது.

தொடரில் சாரதா என்று ஒரு பெண். பிரசவ ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த மகளைத் தேடிக்கொண்டே இருப்பாள். நாலு வருஷம் தேடினாள். நாங்களும் நாலு வருஷம் பார்த்தோம். ஹாலில் நான் ஒரு டிவியோடும் ஒரு போனோடும் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பதைப் பார்த்தால் அனிதா இங்கிலீஷில் "அம்மாவோட அழுகை நேரம்" என்று சொல்லிக்கொண்டு கடந்து போவாள். பெரியம்மாவுக்கு வணக்கம் சொல் என்றால் போனைப் பார்த்துக் கையசைப்பாள். அது வீடியோ இல்லை, அக்காவுக்குத் தெரியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் கையைத்தான் அசைப்பாள்.

3

போன வருஷம் தவக்காலத்தில்தான் தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் ஒரு நாள் விட்டுப்போனது. பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். சனிக்கிழமை சேர்த்துப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் இரண்டு நாள், மூன்று நாள். பிறகு ஒரு வாரம் முழுக்க.

"அது எங்க போகப் போகுது? பெட்டிக்குள்ள தான இருக்கு" என்பாள்.

அதுவும் சரிதானே என்று நானும் விட்டேன். பழைய காலம் மாதிரி இருந்திருந்தால், எட்டரை மணிக்கு டிவி முன்னால் அவள் இல்லை என்றாலே ஏன் என்று கேட்டிருப்பேன். பெட்டி இருந்ததால் கேட்கவில்லை.

சேர்ந்து பார்க்கும் நாட்களிலும் அவள் பழையபடி இல்லை. முன்பெல்லாம் வில்லி வந்தால் திட்டித் தீர்ப்பாள். இப்போது சத்தமே இல்லை. ஐந்து நிமிஷம் ஓடுவதற்குள், "செத்த நிப்பாட்டுடி, வந்துர்றேன்" என்று எழுந்து போவாள். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் ஆகும். இங்கே நான் உறைந்து நிற்கும் படத்தைப் பார்த்தபடி வேலைக்கு நேரமாகிறதே என்று கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் போனில் கேட்டது. பாத்திரம் கழுவப் போய்விட்டாள், என்னை இங்கே காக்கவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு, எனக்காக இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம் என்றேன். அப்படியெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்தில் வேலை கூடுதல் என்று மெதுவாகச் சொன்னாள்.

ஜூன் மாதம் என் பெட்டியின் பட்டியலில் பார்க்காத எபிசோடு இருபத்திரண்டு என்று காட்டியது. அக்கா என்னை விட்டு விலகிவிட்டாள் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு இரண்டு நாள் விடுப்பு. அனிதா தோழிகளோடு வெளியே போயிருந்தாள். ஆரோக்கியம் வேலையில். நான் தனியாக உட்கார்ந்து இருபத்திரண்டையும் விளம்பரம் தாண்டித் தாண்டிப் பார்த்துத் தீர்த்தேன். சாரதா மகளைக் கண்டுபிடித்துவிட்டாள். கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீலாக வந்து நிற்பவள்தான் மகள். எனக்கு அழுகை வரவில்லை. திருடித் தின்ற மாதிரி இருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை அக்காவே கூப்பிட்டாள். இன்றைக்கு உடம்பு தேவலை, இரண்டு எபிசோடாவது பார்ப்போம் என்றாள். 'உடம்பு தேவலை' என்ற அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. முதல் எபிசோடு ஓடியது. கோர்ட்டு வராந்தாவில் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் முதுகைக் காட்டி நின்றாள். இன்னும் திரும்பவில்லை. நான் என்னை அறியாமல், இவதான் என்றேன்.

எவள் என்று அக்கா கேட்டாள். நான் எதையோ சொல்லி மழுப்பினேன்.

"நீ பாத்துட்டியா, ஜெசி?"

"இல்லக்கா. சும்மா ஒரு ஊகந்தான்."

"சரி. ஓட விடு."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த எபிசோடு முடிந்ததும், இன்னொன்று வேண்டாம், அசதியாக இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

4

அடுத்த வியாழக்கிழமை சவரிமுத்து மாமா கூப்பிட்டார். அவராக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக அக்கா பேசி முடிக்கும்போது பின்னாலிருந்து, நல்லாருக்கியாம்மா என்று ஒரு குரல் கொடுப்பார், அவ்வளவுதான். தெருமுனைக்கு வந்து பேசுகிறேன் என்றார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"ஒங்க அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்கா. மீறித்தான் சொல்றேன். மார்ச்சு மாசத்துல இருந்து மதுரைக்குப் போயிட்டு வந்துக்கிட்டு இருக்கோம். சினைப்பையில கட்டி. கீமோ குடுத்தாங்க. கேக்கல. இனிமே வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரும்மா."

பள்ளிக்கூடத்துக்கு அவள் ஏப்ரலிலிருந்தே போகவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் எதுவும் நடக்கவில்லை. டியூஷன் பிள்ளைகளை வேறு டீச்சரிடம் அனுப்பிவிட்டார்கள். செத்த நிப்பாட்டு என்று அவள் எழுந்து போனதெல்லாம் வாந்தி எடுக்க. குழாயைத் திறந்துவிட்டது எனக்கு அந்தச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக.

ஏன் என்னிடம் மறைத்தாள் என்று கேட்டேன். அம்மா இறந்தபோது நான் வேலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய் நாற்பது நாள் இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது வேலை இல்லை. அடுத்த வேலை கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. அதை அக்கா மறக்கவில்லை. இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது, அனிதாவுக்கு வேறு பரீட்சை வருஷம், எல்லாம் சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மாமாவின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறாள்.

மறுநாள் இல்லத்து மேலாளரிடம் விடுப்புக் கேட்டேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்பதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நம் ஊரில் தலைவலிக்கும் அதுதான், கடைசி மூச்சுக்கும் அதுதான். சொல்கிற முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அந்த அம்மாள் அனுதாபமாகத் தலையாட்டிவிட்டு, சீக்கிரம் குணமாகட்டும் என்று சொல்லி, அடுத்த மாத அட்டவணையில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார். நான் மறுபடியும் அதே சொற்களைக் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் 'சாகப் போகிறாள்' என்ற சொல்லைச் சொன்னேன். அந்தச் சொல்லை நான் முதன்முதலில் சொன்னது இங்கிலீஷில்தான். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், பதினான்கு நாள் கொடுத்தார்.

நான் இப்போது இந்த நாட்டுக் குடியுரிமைக்காரி, அதனால் இந்தியாவுக்குப் போக விசாவுக்கு விண்ணப்பித்தேன். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் திண்டுக்கல் என்று எழுதினேன். வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில் கொடுத்திருந்தவற்றில் எனக்குப் பொருந்தியது சுற்றுலா ஒன்றுதான். கண்ணாடி போட்ட போட்டோவை அனுப்பி நானே ஒரு தப்புச் செய்தேன். அதைத் திருத்தி மறுபடி அனுப்ப நாலு நாள் போனது.

அனிதாவிடம் சொன்னேன். "ஐ ஆம் சாரி, மம்" என்று கட்டிப்பிடித்தாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தபோதும் அவள் இதே மாதிரிதான் கட்டிப்பிடித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பெரியம்மா என்றால் அவளுக்கு ஸ்பீக்கரில் வரும் ஒரு குரல்.

5

மதுரை விமான நிலையத்திலிருந்து கார் பிடித்து நாகல் நகர் போய்ச் சேரும்போது காலை பதினொரு மணி. முன்னறையில் டியூஷன் பெஞ்சுகளை அடுக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கே கட்டில் போட்டிருந்தார்கள். தலையில் பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு அக்கா படுத்திருந்தாள். வயிறு மட்டும் வீங்கி, கையும் கழுத்தும் வற்றிப்போயிருந்தன. என் வேலையில் இப்படி எத்தனையோ உடம்புகளைப் பார்த்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்தவுடன் தெரியும். அன்று அது தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் கேள்வியாக, வேலை இருக்கிறதா, போய்விட்டதா என்று கேட்டாள். இருக்கிறது என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. இரண்டு தேக்கரண்டி கஞ்சி இறங்கியது. உற்சாகப்படுத்த நினைத்து ரிமோட்டை எடுத்தேன். சாரதா கதையைப் போடவா, நிறைய பாக்கி இருக்கிறதே என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அன்றைக்கு நான் பொய் சொன்னேன், எல்லாவற்றையும் முன்னாலேயே தனியாகப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும். சின்னப் புள்ளையில இருந்தே பொய் சொன்னா நீ இழுத்து இழுத்துப் பேசுவ."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"நானும் ஒண்ணு சொல்றேன். அந்தக் கதை எனக்குப் பிடிக்கவே இல்லடி. மொத வருசத்துலயே அலுத்துப்போச்சு."

"அப்புறம் எதுக்குக்கா பாத்த?"

"அத விட்டா நீ எதுக்குக் கூப்பிடுவ? முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கெழம கூப்பிடுவ. சாப்டியா, தூங்குனியான்னு கேட்டுட்டு வச்சிருவ. இதுன்னா தெனமும் அரை மணி நேரம் லைன்ல இருப்பேல்ல."

நானும் உண்மையைச் சொன்னேன். எனக்கும் அதில் பெரிய இஷ்டம் இருந்ததில்லை. அவளுக்கு உயிர் என்று நினைத்துத்தான் நான் ஓடி ஓடி வந்து உட்கார்ந்தேன். அவளுக்காகத்தான் பெட்டியே வாங்கினேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு வயிற்றைப் பிடித்து வலியாக மாறியது. மாமா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். மாத்திரை கொடுத்து, நிமிர்த்திப் படுக்கவைத்து, அவள் தூங்கிய பிறகு நான் கொல்லைப்புறம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். நாலு வருஷம் தினமும் பேசியிருக்கிறோம். சாரதா என்ன செய்தாள், மாமியார் என்ன சொன்னாள் என்பதைத் தவிர வேறு எதையாவது பேசினோமா என்று யோசித்துப் பார்த்தேன். விளம்பரங்களையும் தாண்டிவிட்டோம். அந்த நேரத்திலாவது ஏதாவது பேசியிருப்போம்.

மிச்சமிருந்த நாட்களில் பேசலாம் என்று நினைத்தேன். மருந்து அவளைப் பேச விடவில்லை. ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கினாள். விழித்திருக்கும்போது, மாமாவுக்கு ரசம் வைக்கத் தெரியும், தொட்டுக்கொள்ள வெஞ்சனம் செய்யத் தெரியாது, யாரையாவது ஏற்பாடு பண்ணு என்பது போன்ற காரியங்களைத்தான் சொன்னாள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ரிமோட்டைக் காட்டி, அந்தத் தொடரையெல்லாம் அழித்துவிடச் சொன்னாள். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதாம். அவர் கபடி பார்ப்பார், அதற்கு இடம் வேண்டுமாம். ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் நிச்சயமாகத்தானா என்று பெட்டி கேட்டது. அக்கா முழுவதையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் சேர்ந்து கடைசியாக டிவி பார்த்தது அதுதான்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அத்தனை நாள் அவள் இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"வா. அனிதாவையும் கூட்டிட்டு வா" என்றாள்.

6

நான் இங்கே திரும்பிய ஒன்பதாம் நாள் அக்கா இறந்தாள்.

விடுப்பு தீர்ந்துவிட்டது. மறுபடி டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். மாமாவின் அண்ணன் மகன் ஒருவன் கல்லறைத் தோட்டத்திலிருந்து போனில் நேரலையாகக் காட்டுவதாகச் சொன்னான். நல்ல பையன். நீங்கள் வேலையில் இருந்தால் கவலைப்பட வேண்டாம் சித்தி, எல்லாம் பதிவாகும், சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தான். நான் மேலாளரிடம் போய் அரை மணி நேரம் கேட்டேன். இந்தத் தடவை முதலிலேயே சரியான சொல்லைச் சொன்னேன்.

படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். சாமியார் ஜெபம் சொன்னார். பழைய மாணவிகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையில், எங்கே நிற்பது என்று தெரியாதவர் போல நின்றார். பெட்டியைக் குழிக்குள் இறக்கக் கயிற்றைப் பிடித்தபோது படம் நின்றுவிட்டது. நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன், கதவோரம் போனேன். திரும்பப் படம் வந்தபோது எல்லாரும் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே பையன் பதிவை அனுப்பட்டுமா என்று கேட்டான். அதில் படம் நிற்கவில்லையாம், முழுவதும் தெளிவாக இருக்கிறதாம். வேண்டாம் தம்பி, நான் பார்த்துவிட்டேன் என்று எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் பதறிப்போய், என்னம்மா விஷயம் என்றார். ஒரு விஷயமும் இல்லை, சும்மாதான் என்றேன். அவருக்கும் பேசத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மூன்று நிமிஷத்தில் வைத்துவிட்டோம். மறுநாளும் கூப்பிட்டேன். இப்போது பத்து நிமிஷம் வரை போகிறது. என்ன சமைத்தீர்கள் என்பேன், ரசம் என்பார். நேற்று, உடம்பு எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டேன். நல்லாருக்கேம்மா என்றார். நான் விடவில்லை. எங்கேயாவது வலிக்கிறதா, இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன்.

"வலது மொழங்காலு" என்றார்.